வீட்டு பியரை பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து மெல்பர்னிலிருந்து அடிலெய்டு வரை கொண்டுபோகலாமா?

நுரைப்பித்தன் (மெல்பர்ன்)

வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் அடிலெய்டில் என் கல்லூரி நண்பனுக்கு நாற்பதாவது பிறந்தநாள். இன்னும் 25 நாள் இருக்கிறது. நான்கு வருடமாக நான் பியர் காய்ச்சுகிறேன், அவன் ஒரு வாய் கூடக் குடித்ததில்லை. இந்த முறை 15 லிட்டராவது காரில் எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறேன். சாலை வழியே ஏறத்தாழ 725 கிலோமீட்டர், ஜனவரி இங்கே கோடை, வெயில் வேறு.

ஃபெர்மென்டரில் (நொதிக்க வைக்கும் கலனில்) இருப்பது 23 லிட்டர் பேல் ஏல் (வெளிர்நிற பியர்). தொடக்க அடர்த்தி 1.048 (தண்ணீர் 1.000; ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இந்த எண் இறங்கும்). ஒன்பதாவது நாளான இன்று 1.014. மூன்று நாளுக்கு முன் சிட்ரா வகை ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) 50 கிராம் போட்டேன். என்னிடம் கெக் (பியர் பீப்பாய்) கிடையாது, இதுவரை கண்ணாடி பாட்டிலில்தான் அடைத்திருக்கிறேன். பயணத்துக்கு பிளாஸ்டிக் நல்லது என்று தோன்றுகிறது. 740 மில்லி பழுப்பு பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில் ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் சோடா, கோலா குடித்த 1.25 லிட்டர் பாட்டில்கள் உண்டு, 600 மில்லி தண்ணீர் பாட்டில்களும் கிடக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது? பாட்டிலுக்குள் வாயு ஏற எவ்வளவு சர்க்கரை போடுவது? நாளை ஞாயிற்றுக்கிழமை, அடைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.


பழைய_கெண்டி (ஜீலாங்)

தம்பி, நாளைக்கு அடைக்காதீர்கள். பாட்டிலைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

1.014 என்பது நின்றுபோன எண்ணா, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும் எண்ணா என்று உங்களுக்கே தெரியாது. அதிலும் மூன்று நாளுக்கு முன்தான் ஹாப்ஸ் போட்டிருக்கிறீர்கள். ஹாப்ஸில் உள்ள நொதிகள், ஈஸ்ட் சாப்பிடாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்னும் பெரிய சர்க்கரைகளை உடைத்துச் சின்ன சர்க்கரையாக்கும். ஓய்ந்துவிட்டது என்று நினைத்த ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். ஹாப் க்ரீப் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

கணக்கு இதுதான். அடர்த்தி 0.001 இறங்கினால் தோராயமாக அரை வால்யூம் கரியமில வாயு வரும் (ஒரு வால்யூம் என்றால் பியரின் கொள்ளளவுக்குச் சமமான வாயு). 1.014ல் அடைத்து, பாட்டிலுக்குள் அது 1.011க்கு இறங்கினால் ஒன்றரை வால்யூம் கூடுதல். நீங்கள் சர்க்கரை போட்டு 2.4க்குத் திட்டமிட்டிருந்தால் வந்து நிற்பது 3.9. சாதாரண பியர் கண்ணாடி பாட்டிலுக்கு அது ஆபத்தான இடம்.

மூன்று நாள் பொறுங்கள். தினமும் ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். மூன்று நாளும் ஒரே எண் வந்தால் அடையுங்கள். 25 நாளில் நான்கு நாள் போனாலும் கார்பனேஷனுக்கு (பியரில் வாயு ஏறுவதற்கு) இரண்டு வாரமும் குளிர வைக்க நாலைந்து நாளும் மிச்சம் இருக்கும்.


எழில்_வேதியியல் (பிரிஸ்பேன்)

கெண்டி அண்ணா சொன்னதுதான் முதல் விஷயம். நான் பாட்டிலுக்கு வருகிறேன்.

தண்ணீர் பாட்டிலைத் தொடவே வேண்டாம். அதுவும் பெட்தான், ஆனால் அழுத்தத்துக்காகச் செய்ததல்ல. சுவர் மெல்லியது, அடிப்பாகமும் வேறு மாதிரி இருக்கும். சோடா பாட்டிலின் அடியைத் திருப்பிப் பாருங்கள், ஐந்து கால் வைத்த பூ மாதிரி இருக்கும். உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கத்தான் அந்த வடிவம். குளிர்பானங்களில் வாயு 3.5 முதல் 4 வால்யூம் வரை இருக்கும், பேல் ஏலுக்கு 2.4 போதும். அப்படியென்றால் சோடா பாட்டில் உங்கள் பியரைச் சிரமமில்லாமல் தாங்கும்.

வெப்பம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 2.5 வால்யூம் வாயு உள்ள பியர் 4 டிகிரியில் இருந்தால் உள்ளே மிகை அழுத்தம் 0.8 பார் அளவுதான் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). 20 டிகிரியில் அது 1.9 பார். 40 டிகிரியில் மூன்றரை பார் பக்கம் போய்விடும். வாயு அதே அளவுதான். திரவம் சூடேறச் சூடேற அதைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியாமல் வெளியே தள்ளுகிறது. பூட்டி வெயிலில் நிறுத்திய கார் வெளியை விட 20, 30 டிகிரி அதிகமாகவே சூடாகும். 40 டிகிரி நாளில் டிக்கிக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல சோடா பாட்டில் உடனே வெடித்துவிடாது. ஆனால் பெட் 70 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும், அதற்கு முன்பே மெல்ல உப்பவும் செய்யும்.

இதே காரணத்துக்காகப் பாட்டிலைக் கொதிநீரில் கழுவ வேண்டாம், சுருங்கிவிடும். கைபொறுக்கும் சூடு போதும். உள்ளே பிரஷ் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், கீறல் விழுந்தால் அதற்குள் பாக்டீரியா குடியிருக்கும். சோடியம் பெர்கார்பனேட் கரைசலில் ஊற வைத்து அலசுங்கள். அப்புறம் அலசத் தேவையில்லாத பாஸ்பாரிக் அமிலக் கிருமிநாசினி ஒரு சுற்று. ஆரஞ்சு, இஞ்சி பானம் இருந்த பாட்டிலை விட்டுவிடுங்கள். அந்த வாசனை பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஏறியிருக்கும், எத்தனை முறை கழுவினாலும் பியருக்கு வந்து சேரும். வெறும் சோடா இருந்தது மிக நல்லது.


வன்னிமைந்தன் (சிட்னி)

என் அனுபவத்தைச் சொல்கிறேன், இதை யாரும் திரும்பச் செய்யக்கூடாது.

ஆறு வருடத்துக்கு முன் கன்பராவில் ஒரு கலியாண வீட்டுக்கு 18 கண்ணாடிப் போத்தல் சைசன் என்ற வகை பியர் கொண்டு போனேன். அந்த ஈஸ்ட், மற்றவை விட்டுவைக்கும் சீனியையும் விடாமல் தின்னும் வகை. நான் 1.008ல் அடைத்தேன், அது 1.002 வரைக்கும் போகக்கூடியது என்று எனக்கு அப்போது தெரியாது. கோல்பேர்ன் தாண்டியதும் பின்னால் துவக்குச் சூடு மாதிரி ஒரு சத்தம். வண்டியை ஓரம் கட்டுவதற்குள் இன்னும் இரண்டு. திறந்து பார்த்தால் பின்பெட்டியில் விரித்திருந்த துணி முழுக்கக் கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. பின் இருக்கையில் என் மகள், அப்போது நாலு வயது. இருக்கையின் முதுகுதான் அவளைக் காப்பாற்றியது. மிச்சப் போத்தல்களைத் தொடக்கூடப் பயம். கம்பளியைப் போட்டு மூடி, ஒரு மணித்தியாலம் வெளியில் நின்றோம்.

பிளாஸ்டிக் போத்தலும் மிஞ்சினால் வெடிக்கும். ஆனால் கத்தி போலத் துண்டு பறக்காது. பிளாஸ்டிக் முன்கூட்டியே சொல்லியும் விடும். விரலால் அமத்திப் பார்த்தால் கல்லு மாதிரி இருக்கிறதா, அடி வீங்கி ஆடுகிறதா என்று தெரியும். மூடியைக் கொஞ்சம் திருகிக் காற்றை விட்டு மீண்டும் இறுக்கலாம். கண்ணாடி கடைசி நொடி வரைக்கும் எதுவும் சொல்லாது.

எங்கள் ஊரில் கள்ளு வாங்கி வரும்போது கானின் மூடியை இறுக்கக்கூடாது என்று அப்பு ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார். புளித்துக்கொண்டிருப்பதை அடைத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது கோல்பேர்ன் வரை நினைவு வரவில்லை.


செம்பழுப்பு (கன்பரா)

வன்னி அண்ணா, படிக்கும்போதே கை நடுங்குகிறது. மகள் நலமாக இருப்பதே பெரிது.

ஆனாலும் கண்ணாடிக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேலே எல்லாரும் அழுத்தத்தை மட்டும் பேசுகிறீர்கள், பியரின் சுவையைப் பற்றி யாரும் பேசவில்லை. பெட் சுவர் வழியே ஆக்சிஜன் மெதுவாக உள்ளே வரும், கரியமில வாயு மெதுவாக வெளியே போகும். கண்ணாடியில் அந்தப் பேச்சே இல்லை. என்னிடம் இரண்டு வருடமான பார்லிவைன் (கடுமையான பியர் வகை) இருக்கிறது, இன்றும் அருமையாக இருக்கிறது. அதே வடிப்பில் பெட்டில் அடைத்ததை எட்டு மாதத்தில் திறந்தேன், நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஹாப்ஸ் தூக்கலான பியர் இதில் இன்னும் சீக்கிரம் கெடும். சிட்ராவின் பழ வாசனைக்காகத்தானே 50 கிராம் போட்டிருக்கிறீர்கள்?


எழில்_வேதியியல் (பிரிஸ்பேன்)

செம்பழுப்பு சொல்வது உண்மை. பார்லிவைனை நானும் கண்ணாடியில்தான் வைப்பேன். ஆனால் இங்கே பியர் நான்கு வாரத்துக்குள் குடித்து முடியப்போகிறது. அவ்வளவு நாளில் சுவர் வழியே வரும் ஆக்சிஜனை விட, அடைக்கும்போது நாமே உள்ளே விடும் காற்றுதான் பெரிய எதிரி. அதைக் குறைக்க பிளாஸ்டிக்கில் ஒரு வழி இருக்கிறது, கண்ணாடியில் முடியாது. நிரப்பியதும் பியர் கழுத்து வரை ஏறும்படி பாட்டிலைப் பக்கவாட்டில் அமுக்குங்கள். காற்று வெளியேறும். அமுக்கிய நிலையிலேயே மூடியை இறுக்குங்கள். நசுங்கிய பாட்டில் இரண்டு மூன்று நாளில் தானாக நிமிரும். நிமிர்த்துவது ஈஸ்ட் உண்டாக்கும் கரியமில வாயு, காற்று இல்லை. நிமிர்வதைப் பார்த்தாலே கார்பனேஷன் தொடங்கிவிட்டது என்றும் தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும்போதே ஆக்சிஜன் தடுப்பு சேர்த்த பெட் பாட்டில்களும் வருகின்றன. பழுப்பு பாட்டிலின் உறையைப் பாருங்கள்.

வெளிச்சம் இன்னொரு விஷயம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மீது நீல ஒளியும் புற ஊதாவும் பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகும், ஸ்கங்க் விலங்கின் நாற்றத்துக்கு இதை ஒப்பிடுவார்கள். மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரியும். பழுப்பு நிறம் பெருமளவு தடுக்கும். நிறமற்ற 1.25 லிட்டர் பாட்டில் தடுக்காது, அதை எப்போதும் இருட்டில் வையுங்கள்.


பழைய_கெண்டி (ஜீலாங்)

கண்ணாடிக்காரர்களுக்கும் ஒரு யோசனை. நான் கண்ணாடியில் அடைக்கும்போதும் ஒவ்வொரு வடிப்பிலும் ஒரே ஒரு பெட் பாட்டில் சேர்த்து அடைப்பேன். அதை அமுக்கிப் பார்த்து மற்றவற்றின் நிலையைத் தெரிந்துகொள்வேன். அது கல்லாகிவிட்டால் கண்ணாடி எல்லாம் அன்றே ஃபிரிட்ஜுக்குள் போகும்.

சர்க்கரைக் கணக்கு கேட்டிருந்தீர்கள். நொதித்து முடிந்த பியரில் 20 டிகிரியில் ஏற்கெனவே 0.85 வால்யூம் அளவு வாயு கரைந்திருக்கும். 2.4க்கு இன்னும் ஒன்றரை வேண்டும். சாதாரண வெள்ளைச் சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம். வண்டலை விட்டுத் தெளிவாக 21 லிட்டர் எடுப்பீர்கள் என்றால் 126 கிராம். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) என்றால் ஏழில் ஒரு பங்கு அதிகம் போட வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆற்றி, சுத்தமான வாளியில் முதலில் ஊற்றி, அதன் மேல் குழாய் வழியே பியரைச் சலசலப்பில்லாமல் இறக்குங்கள்.

இரண்டு அளவு பாட்டில் வைத்திருப்பதால் மொத்தமாகக் கலப்பதுதான் உங்களுக்குச் சரி. கடையில் கிடைக்கும் சர்க்கரை மிட்டாய் 375 மில்லிக்கு ஒன்று, 750க்கு இரண்டு என்ற கணக்கில் செய்தது. 1.25 லிட்டருக்கு மூன்றா நான்கா என்று தடுமாற வேண்டிவரும்.


அடையாறு_ஆலமரம் (சென்னை)

படிக்கவே ஆசையாக இருக்கிறது. சென்னையில் சின்ன அளவில், வீட்டுக்கு மட்டும் செய்யலாமா? சோடா பாட்டில் இங்கேயும் கிடைக்கிறது.


பழைய_கெண்டி (ஜீலாங்)

செய்யாதீர்கள் நண்பரே. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதே குற்றம், சொந்த உபயோகம் என்பது அங்கே எடுபடாது. இங்கே ஆஸ்திரேலியாவில் சொந்தக் குடிக்கு பியர் காய்ச்சலாம், விற்க முடியாது. காய்ச்சி வடித்து சாராயம் இறக்குவது இங்கேயும் குற்றம். பிரிட்டனில் 1963 வரை வீட்டு பியருக்கு உரிமம் தேவைப்பட்டது, அமெரிக்காவில் 1978ல்தான் சட்டம் மாறியது. ஊருக்கு ஊர் வேறு, அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும்.


வானூர்தி_வாசி (பெர்த்)

என்னைப் போல் பெர்த்தில் இருப்பவர்கள் காரில் போக முடியாது, அதனால் விமானம் பற்றி ஒன்று. சரக்கு அறையில் காற்றழுத்தம் இல்லாமல் பாட்டில் வெடிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். பயணிகள் விமானத்தில் சரக்கு அறைக்கும் அழுத்தம் கொடுக்கிறார்கள், அது முக்கால் வளிமண்டல அளவுக்குக் கீழே போவதில்லை. பாட்டிலுக்குக் கூடுகிற பாரம் கால் பார். எழில் அக்கா கொடுத்த எண்களோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. வெயில் காயும் தளத்தில் பெட்டி காத்துக் கிடக்கும் நேரம்தான் கவலை.

24 சதவீதத்துக்குக் கீழே ஆல்கஹால் இருந்தால் ஆபத்துப் பொருள் விதியில் அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் பொதியும் விதி மாறும், முன்பே கேட்டுவிடுங்கள். நான் ஒவ்வொரு பாட்டிலையும் தடித்த ஜிப் பையில் போட்டு, துணிக்கு நடுவில் வைக்கிறேன். மேலே பெயர், தேதி, ஆல்கஹால் அளவு எழுதி ஒட்டுகிறேன். பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு எழுத்தில்லாத பழுப்பு பாட்டில் சந்தேகத்தைத் தரும்.


நுரைப்பித்தன் (மெல்பர்ன்)

கெண்டி அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 1.014 இரண்டு நாளில் 1.011 ஆனது. நீங்கள் எழுதிய அதே எண். அதற்கப்புறம் மூன்று நாளாக 1.011ல் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

இன்று அடைத்து முடித்தேன். 740 மில்லி பன்னிரண்டு, 1.25 லிட்டர் ஏழு, மிச்சத்துக்கு மூன்று கண்ணாடி பாட்டில். அமுக்கி அடைக்கும் வேலைக்கு மனைவியும் கை கொடுத்தார், ஒருவர் அமுக்க ஒருவர் மூட வேண்டியிருந்தது. பயணத்துக்கு எப்படிப் பொதிவது?


வன்னிமைந்தன் (சிட்னி)

இரண்டு கிழமை 20 டிகிரி பக்கம் வையுங்கள். எல்லாம் ஒரே அளவு இறுகியதும் ஃபிரிட்ஜில் நாலு நாள் நிமிர்த்தி வையுங்கள். ஈஸ்ட் அடியில் பசை மாதிரிப் படிந்துவிடும், வாயுவும் நன்றாகக் கரையும். குளிர்ந்தபடியே எஸ்கிக்கு (ஐஸ் பெட்டிக்கு) மாற்றுங்கள். வெளியில் எடுத்துச் சூடாக விட்டு மறுபடி குளிர வைக்க வேண்டாம்.

அந்த 600 மில்லி தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதல்லவா, அதற்கு இப்போது வேலை வந்துவிட்டது. முக்கால்வாசி தண்ணீர் நிரப்பி உறைய வையுங்கள், உறையும்போது விரியும், இடம் விட வேண்டும். பியர்ப் போத்தல்களுக்கு நடுவில் அதைச் செருகினால் ஐஸும் ஆச்சு, ஆடாமல் பிடித்துக்கொள்ளவும் ஆச்சு. உதிரி ஐஸ் உருகினால், நீங்கள் பெயர்த்தாள் ஒட்டியிருந்தால் எல்லாம் நனைந்து கழன்றுவிடும்.

போத்தல் நின்றபடி வர வேண்டும். எஸ்கியைப் பின் இருக்கையின் கால் வைக்கும் இடத்தில் வையுங்கள், ஏசி அங்கே எட்டும். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாளாவது ஃபிரிட்ஜில் அசையாமல் நிற்கட்டும். அதனால் கொண்டாட்டத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். 1.25 லிட்டரைத் திறந்தால் நிறுத்தி நிறுத்தி ஊற்றாமல் ஒரே சாய்ப்பில் ஜாடிக்கு மாற்றிவிடுங்கள், அடியில் விரல் அளவு விட்டுவிட்டு. ஒவ்வொரு முறை நிமிர்த்தும்போதும் வண்டல் கிளம்பும்.


செம்பழுப்பு (கன்பரா)

அடிலெய்டு இருக்கும் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் எல்லையில் பழ ஈ தடுப்புக்காகப் பழம், காய்கறி கொண்டுபோக விடமாட்டார்கள். பியருக்கு எலுமிச்சை வேண்டும் என்றால் அடிலெய்டில் வாங்கிக்கொள்ளுங்கள். போய் வந்து கட்டாயம் எழுதுங்கள். என் கட்சி கண்ணாடிதான், ஆனாலும் உங்கள் பியர் நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும்.


நுரைப்பித்தன் (மெல்பர்ன்)

திரும்பி வந்துவிட்டோம். எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

வெள்ளி காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். இரண்டு எஸ்கியில் 740 மில்லி பன்னிரண்டும் 1.25 லிட்டர் ஐந்தும். ஹார்ஷமில் காபிக்கு நிறுத்தியபோது நல்ல வெயில், பார்டர்டவுன் தாண்டியதும் கார் காட்டிய வெளி வெப்பம் 41. அடிலெய்டில் எஸ்கியைத் திறந்தபோது தண்ணீர் பாட்டில்களில் நடுவில் இன்னும் ஐஸ் கட்டி இருந்தது. ஒரு பாட்டிலும் உப்பவில்லை.

சனி மாலை நண்பன் முதல் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். குடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிளாஸை நீட்டினான், இன்னும் ஊற்று என்று. சிட்ராவின் மாம்பழ வாசனை அப்படியே இருந்தது. அவன் அப்பா எழுபது வயதுக்காரர், கடை பியரை விட வயிற்றுக்கு இதமாக இருக்கிறது என்று இரண்டு கிளாஸ் வாங்கிக்கொண்டார்.

இரண்டு குறை. ஒரு 1.25 லிட்டர் பாட்டிலைத் தோட்டத்து மேசையில் யாரோ வைத்துவிட்டார்கள், ஒரு மணி நேரம் வெயில் பட்டது. அது எழில் அக்கா சொன்ன அதே நாற்றம். பக்கத்திலேயே நின்ற பழுப்பு பாட்டிலில் அந்த வாடை இல்லை. இன்னொன்று எனக்குப் புரியவில்லை. 1.25 லிட்டரில் இரண்டு பாட்டில் வாயுவே இல்லாமல் தட்டையாக இருந்தன. கிளம்பும்போதே மற்றவற்றை விடக் கொஞ்சம் மெத்தென்று இருந்ததாக இப்போது தோன்றுகிறது. ஒரே வாளி, ஒரே சர்க்கரை. ஏன்?


பழைய_கெண்டி (ஜீலாங்)

அந்த இரண்டின் கழுத்தையும் மற்ற மூன்றின் கழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோடா பாட்டிலில் 28 மில்லிமீட்டர் கழுத்து இரண்டு விதம். பழையது நெட்டை, இப்போது பெரும்பாலும் வருவது குட்டை. திருகு மரை வேறு. ஒன்றின் மூடி மற்றதில் ஏறும், இறுகியது போலவும் இருக்கும், ஆனால் உள்ளே விளிம்பு சரியாக உட்காராது. வாயு சொட்டுச் சொட்டாகப் போய்விடும். மூடி போட்ட காலி பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் அதுதான் காரணம்.


நுரைப்பித்தன் (மெல்பர்ன்)

இப்போதுதான் சமையலறைத் தொட்டியில் அமுக்கிப் பார்த்தேன். இரண்டிலும் கழுத்தோரம் வரிசையாகக் குமிழி. கழுத்து நெட்டை, மூடி குட்டை. மற்ற மூன்றும் குட்டைக்குக் குட்டை, ஒரு குமிழி இல்லை. கழுவும்போது மூடிகளையெல்லாம் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலந்துவிட்டேன்.

நெட்டை மூடிகளைத் தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி வைத்துவிட்டேன். பதினேழு காலி பாட்டிலும் திரும்பி வந்துவிட்டன, எல்லாம் பெர்கார்பனேட்டில் ஊறுகின்றன. ஈஸ்டர் விடுமுறைக்கு நண்பன் இங்கே வருகிறான். ஸ்டவுட் (கறுப்பு பியர்) வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டான்.